பூஜைக்கு நிறுத்திய மெஷின்

என்னைக் கூப்பிட்ட உங்கள் மேனேஜர், புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லுங்கள், அந்த ஆடு மேய்க்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு எப்படி ஜெயித்தது என்று சொல்லுங்கள் என்று கேட்டார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், ஜெயித்ததைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஜெயித்ததில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. மழை பெய்தது, நனைந்தோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் சொந்தக் கைவேலை. அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதாமல் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். உற்சாகம் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் இடம் ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே பாகு காய்ச்சினால் மேலே கீபோர்டுக்குள் எறும்பு வரும். முதலாளி நூற்பாலைக் குடும்பத்துப் பிள்ளை. பஞ்சும் நூலும் போதும் என்று கம்ப்யூட்டருக்கு வந்தவர். நான் புதூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் ஆடு உண்டு, கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை உண்டு. ஆடு மேய்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துப் படித்தவன் நான். விதியைப் பாருங்கள், எட்டு வருஷம் ஆடுதான் மேய்த்தேன், கம்ப்யூட்டர் திரையில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சரக்கு விளையாட்டு இல்லை, விளையாட்டுகளை அடியில் இருந்து ஓட்டுகிற எஞ்சின் என்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை வாங்கி, அதன் மேல் தங்கள் விளையாட்டைக் கட்டிக்கொள்ளலாம். கார் ஓட்டுகிறவன் கார் ஓட்டட்டும், சண்டை போடுகிறவன் சண்டை போடட்டும். அது எப்படி ஓடுகிறது என்று காட்ட ஒரு சாம்பிள் வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஆடு. கரிசல் காட்டில் மழைக்கு முன்னால் மந்தையைப் பருத்தியில் வாய் வைக்க விடாமல் ஓட்டிக்கொண்டு போய் ஒரு புஞ்சையில் அடைக்க வேண்டும். மழை விழுந்துவிட்டால் மண் காலில் அப்பும். மண் ஏற ஏற ஆடு நகராது, ஆளும் நகர மாட்டான். இதைத்தான் சாம்பிளாகச் செய்தேன். ஒரு மாச வேலை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்களிடம் இருந்த எல்லா மெஷினும் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸில்தான் ஓடின. கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சிடி சும்மா வந்தது, அதைப் போட்டோம். பிறகு விண்டோஸுக்கும் செய்தோம். ஆனால் எங்களை முதலில் மதித்தவர்கள் லினக்ஸ்காரர்கள்தான். உலகத்தில் எங்கெங்கோ இருந்த கொஞ்சம் பேர் ஒரு மின்னஞ்சல் குழுவில் கூடி, எங்கள் எஞ்சினைக் கழற்றி மாட்டி, எங்கே ஒடிகிறது என்று எழுதுவார்கள். பாதிப் பேர் ஒடிந்த இடத்தைச் சரிசெய்தே அனுப்புவார்கள். சம்பளம் வாங்கின நாங்கள் பார்க்காததை அவர்கள் பார்த்தார்கள்.

அவர்களோடு பேசுவது காசிம். விளாத்திகுளத்தில் அவன் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கடை. தினமும் பஸ்ஸில் வந்து போவான். வந்து உட்கார்ந்தால் லேசாக வத்தல் நெடி அடிக்கும், பக்கத்து சீட்டுக்காரன் தும்முவான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், வேலையில் என்னைவிடப் பெரியவன். இதை அன்றைக்கு நான் சொன்னதில்லை. லினக்ஸ் பக்கம் முழுக்க அவன் பொறுப்பு. குழுவில் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தன் பெயர் போட்டுப் பதில் எழுதுவான். அடுத்த வாரம் சரியாகும் என்று எழுதினால் அடுத்த வாரம் சரியாகியிருக்கும். கம்பெனி பெயர் அவர்களுக்கு மறந்துபோகும், காசிம் பெயர் மறக்காது.

அவன் மூலையில் ஒரு பழைய மெஷினை வைத்திருந்தான். நாங்கள் எஞ்சினில் செய்யும் மாற்றங்களை அது ஒவ்வொன்றாக, வரிசைப்படி எடுத்து, லினக்ஸில் கட்டி ஓட்டிப் பார்க்கும். ஓடினால் அடுத்ததுக்குப் போகும். ஒடிந்தால் அங்கேயே நின்று, எந்த மாற்றம், யார் செய்தது என்று எழுதி வைக்கும். அதோடு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் சீரியல் லைட்டில் இருந்து ஒரு சிவப்பு பல்பைப் பிய்த்து அதில் மாட்டியிருந்தான். ஒடிந்தால் பல்பு எரியும். ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

இதற்கு நடுவில்தான் நான் முதலில் சொன்ன அந்த அதிர்ஷ்ட மழை பெய்தது. வெளிநாட்டு விநியோகஸ்தர் ஒருவர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, எஞ்சின் வேண்டாம், இந்த ஆடு வேண்டும் என்றார். வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து விண்டோஸில் கடைகடையாக விற்றார். காலில் மண் அப்புவதைப் பார்த்துச் சனங்கள் அப்படிச் சிரித்தார்களாம். எங்கள் ஊரில் அதற்கு யாரும் சிரித்ததில்லை. பத்திரிகையில் போட்டோ வந்தது. முதலாளி ஆபீசுக்கு ஏசி போட்டார். எறும்பு நின்றது.

எஞ்சினும் அன்றோடு நின்றது. நேற்றுவரை எஞ்சினுக்கு என்ன நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் அன்றிலிருந்து ஆட்டுக்கு என்ன நல்லது என்று கேட்டோம். இரண்டாம் பாகம் வேண்டும், டிசம்பர் விடுமுறைக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றார் விநியோகஸ்தர். காசிமையும் விண்டோஸ் வேலைக்கு இழுத்துக்கொண்டோம். முதலாளியிடம் நான் லினக்ஸைப் பற்றிக் கேட்டேன். கேட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்.

"லினக்ஸ் வேண்டாம்னு நான் சொல்லல. இப்ப வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

அந்த "இப்ப" என்கிற வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளா. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவனிடம் சண்டை போடலாம். இப்போது வேண்டாம் என்கிறவனிடம் என்ன சண்டை போடுவது? நானும் அதையே எடுத்துக்கொண்டு போய் காசிமிடம் சொன்னேன். அவன், சரி அண்ணாச்சி, ஆனா மெஷின் ஓடுனாப் போதும், எங்க ஒடியுதுன்னு தெரிஞ்சுகிட்டா சாயங்காலம் ஒரு மணி நேரம் இருந்து நான் ஒட்டிக்கிடுதேன் என்றான். குழுவிலும் எழுதிவிட்டான்: இரண்டாம் பாகம் விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே நாளில் வரும். முன்னாலேயே என்னிடம் காட்டினான். போடு என்று சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு அந்த பல்பு தினமும் எரிந்தது. ஒடித்தது பெரும்பாலும் நான். அவசரத்தில் எதையோ மாற்றுவேன், விண்டோஸில் ஓடும், மூலையில் சிவப்பு எரியும். காசிம் சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவான். ஆனால் முதலாளி உள்ளே வரும்போதெல்லாம் பல்பைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஆளைக் காட்டிக்கொடுக்கிற பல்பு. எனக்கு அதன் மேல் எரிச்சலாக வந்தது. தப்பு செய்கிறவனுக்குத் தப்பின் மேல் கோபம் வருவதில்லை, சொல்கிறவன் மேல்தான் வருகிறது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீசில் அது மில் வழக்கப்படி நடக்கும். முதலாளி வீட்டு மில்லில் ஒரு முறை உண்டு: பூஜைக்கு மெஷினை எந்தக் கை நிறுத்துகிறதோ, மறுநாள் விஜயதசமிக்கு அந்தக் கைதான் போட வேண்டும். வேறு ஆள் தொட்டால் வருஷம் முழுக்க அந்த மெஷின் மக்கர் பண்ணும் என்பார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். காசிமும் வருஷாவருஷம் தன் மெஷினைத் தானே நிறுத்தி, எங்களோடு நின்று பொரிகடலை வாங்கிக்கொண்டு, மறுநாள் தானே போடுவான். அந்த வருஷம் அவன் அக்கா மகள் கல்யாணம், காயல்பட்டினத்துக்குப் போய்விட்டான். மூலை மெஷினை நான் நிறுத்தினேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு துண்டுப் பூவும் வைத்தேன்.

மறுநாள் நல்ல நேரத்துக்கு எல்லோரும் அவரவர் மெஷினைப் போட்டார்கள். நானும் என்னுடையதைப் போட்டேன். எழுந்து மூலைக்குப் போனேன். சுவிட்சில் விரல் வைத்தேன். பல்பு அணைந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஆபீசில் சிவப்பு இல்லை. முதலாளி பின்னால் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். ஒரு வாரம் போகட்டும், இந்த அவசர வேலை முடியட்டும் என்று நினைத்து விரலை எடுத்துவிட்டேன். இதில் சூழ்ச்சி ஒன்றும் கிடையாது. சூழ்ச்சி செய்யவும் ஒரு தைரியம் வேண்டும், அதுகூட என்னிடம் இல்லை.

அன்று மத்தியானமே ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் பாகத்தில் ஆட்டோடு நாய், மாடு, ஓணான் எல்லாவற்றுக்கும் பசி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத நேரம் இல்லை. பசியைத் தூக்கி எஞ்சினின் அடியில் வைத்துவிட்டேன். அசைகிற எதுவானாலும் அதற்குப் பசி உண்டு என்று ஆக்கிவிட்டேன். விண்டோஸில் ஓடியது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

காசிம் திரும்பி வந்தான். கல்யாணத்துப் பலகாரம் கொண்டுவந்தான். மூலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, மெஷின் ஆஃப்ல கெடக்கு. நீங்கதான நிறுத்துனிய?"

"ஆமா. பாத்துக்கிடலாம்."

அவன் பலகாரத்தை என் மேஜையில் வைத்தான். பிறகு தன் சீட்டுக்குப் போனான். நான் நிறுத்தினதை அவன் போட மாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை அவ்வளவு மரியாதையாக நடத்தினவன் எங்கள் ஆபீசில் அவன் ஒருத்தன்தான். ஒரு வாரம் ஒரு மாசமானது. மெஷின் மேல் பூ கருகி விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. லினக்ஸை நிறுத்துகிறோம் என்று எங்கள் ஆபீசில் ஒரு நாளும் யாரும் முடிவு எடுக்கவில்லை. பல கம்பெனிகளில் பெரிய காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் இரண்டாம் பாகம் விண்டோஸுக்கு மட்டும் வந்தது. நன்றாக விற்றது. லினக்ஸ்காரர்கள் முதல் நாள் பொறுமையாக இருந்தார்கள், இரண்டாம் நாள் கேட்டார்கள். காசிம் என் முன்னால் வந்து நின்று, அவியளுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டான். எனக்கு விநியோகஸ்தரோடு ஃபோன் இருந்தது. ஏதாவது எழுதுப்பா என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அதற்குள் குழுவில் அவனை வசைபாடத் தொடங்கிவிட்டார்கள். பொய்யன் என்றார்கள். எங்களிடம் வேலை வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போனவன் என்றார்கள். எங்கள் மண் அப்பும் பகுதியில் பாதியை உட்கார்ந்து சரிசெய்து கொடுத்த ஒரு மனிதர், இனி உன் பெயரைப் பார்த்தால் படிக்காமல் அழித்துவிடுவேன் என்று எழுதினார்.

காசிம் ஒரே வரி பதில் போட்டான். வாக்குக் கொடுத்தது நான், தவறினதும் நான், மன்னியுங்கள் என்று. முதலாளி பெயர் இல்லை, என் பெயர் இல்லை. நான் அதைப் படித்தேன். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஒரு வரி எழுத எனக்கு விரல் இருந்தது. எழுதவில்லை. பொங்கல் லீவுக்குப் போன காசிம் திரும்பி வேலைக்கு வரவில்லை. பிறகு பெங்களூரில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் எஞ்சின் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சென்னையில் இருந்து கார் விளையாட்டு செய்கிறவர் ஒருவர் எங்கள் எஞ்சினை வாங்கினார். பத்து நாளில் கோபமாகக் கூப்பிட்டார். அவருடைய கார் ரோட்டோரம் புல்லைக் கண்டால் தானாக அந்தப் பக்கம் இழுக்கிறதாம். எத்தனை நாள் தேடினாலும் ஏன் என்று தெரியவில்லையாம். எனக்கு உடனே தெரிந்தது. அசைகிற எல்லாவற்றுக்கும் பசி வைத்தவன் நான் அல்லவா. காருக்கும் பசித்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. பசியைப் பிடுங்கலாம் என்று உள்ளே போனால் எஞ்சின் முழுக்க அதன் வேர் ஓடியிருந்தது. பிடுங்கினால் ஆடு செத்துவிடும். ஆட்டை விட முதலாளிக்கு மனசில்லை. கார்க்காரர் போய்விட்டார்.

ஆடும் ரொம்ப நாள் ஓடவில்லை. மூன்றாம் பாகத்துக்குச் சனங்களுக்குச் சலித்துவிட்டது. விநியோகஸ்தர் ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். ஏசியை அணைத்தோம், எறும்பு திரும்பி வந்தது. இரண்டாயிரத்து ஏழு எட்டு வாக்கில், கையில் வைத்து விளையாடும் சின்னக் கருவி ஒன்று செய்கிற கம்பெனி எங்களுக்கு எழுதியது. அவர்கள் கருவி லினக்ஸில் ஓடுகிறது. பழைய நாளில் எங்கள் எஞ்சின் லினக்ஸில் நன்றாக ஓடியது அவர்களுக்கு நினைவிருந்தது. ஆறு வாரத்துக்குள் ஓட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கிடைத்தால் ஆபீஸ் பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டு. முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்மகிட்டதான் லினக்ஸ் இருக்கே. இப்ப போட்டுட வேண்டியதுதான?"

நான் மூலைக்குப் போனேன். மெஷின் மேல் பழைய பேப்பர்க் கட்டு கிடந்தது. எடுத்தேன். சந்தனம் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது, குங்குமம் அப்படியே இருந்தது. சுவிட்சைப் போட்டேன். பாவம், அது ஓடியது. தேதியைத்தான் மறந்திருந்தது. நெட் கொடுத்ததும், விட்ட இடத்தில் இருந்து, இத்தனை வருஷ மாற்றங்களையும் காசிம் பழக்கினபடி வரிசையாக எடுக்க ஆரம்பித்தது. முதல் மாற்றத்தை எடுத்தது. பல்பு எரிந்தது. எழுதியிருந்ததைப் பார்த்தேன். விஜயதசமி அன்று மத்தியானம். பசி. என் பெயர்.

காசிம் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அந்த வாரமே விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினேன். காசிம் அப்பாவுக்கு உடம்பு முடியாததால் லீவு போட்டு வந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் தலையில் முடி கொட்டியிருந்தது. வாங்க அண்ணாச்சி என்று எழுந்து, வத்தல் மூட்டையைத் தள்ளி எனக்கு இடம் போட்டான், டீ சொன்னான். வையட்டும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். வையவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கருவிக் கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷ மாற்றங்களை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த காகிதங்களை வாங்கி அரை மணி நேரம் பார்த்தான்.

"எட்டு மாசமாவது ஆகும் அண்ணாச்சி. ஆறு வாரத்துல ஒருத்தராலயும் ஏலாது." பிறகு, "மெஷினைப் போட்டியளா?" என்றான்.

"போட்டேன்."

"எங்க நின்னுச்சு?"

"முத மாத்தத்துலயே."

காகிதத்தைத் திருப்பி அந்த இடத்தை எடுத்தான். விரலை வைத்துப் படித்தான். மடித்து என் கையில் கொடுத்தான்.

"இது அன்னைக்குப் போட்டிருந்தா ஒரு பகல் வேலை."

டீ வந்தது. குழுவுக்கு அவன் போட்ட அந்த மன்னிப்பு மெயிலைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி, விடுங்க அண்ணாச்சி, நீங்க ஒரு வரி எழுதுவியன்னு கொஞ்ச நாள் பாத்துக்கிட்டு இருந்தேன், அப்புறம் பாக்கல என்றான். அதற்குள் ஒருவர் வத்தல் வாங்க வந்தார், அவன் தராசுக்குப் போய்விட்டான்.

கருவிக் கம்பெனிக்கு ஏலாது என்று எழுதினோம். வருஷம் முடிவதற்குள் ஆபீசைப் பூட்டினோம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை என்று முதலாளி இன்றும் பார்க்கிறவர்களிடம் சொல்கிறார், தும்பை விட்டது யார் என்று சொல்வதில்லை. உங்களுக்கும் ஒரு நாள் ஏதாவது இப்படித் திடீரென்று ஜெயிக்கும். அன்றைக்கு எதை நிறுத்துகிறீர்களோ அதை வாய் திறந்து, ஆளைப் பார்த்து, நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்துங்கள். வைவான், சண்டை போடுவான், கதவைச் சாத்திக்கொண்டு போவான். போகட்டும். பாத்துக்கிடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விளாத்திகுளத்தில் இருந்து திரும்பின அன்று அந்தக் குழுவுக்கு எழுதினேன். இரண்டாம் பாகத்தில் உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தது காசிம் இல்லை, மெஷினைப் போடாமல் விட்டது நான் என்று, என் பெயர் போட்டு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரியே இப்போது இல்லையாம். அதனால்தான் இங்கே வந்து உங்களிடம் சொல்கிறேன்.